அளவுக் கருவிக்கு இரைச்சல் செய்யும் உதவி

(நெய்வேலியில் நடைபெற்ற முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சங்கச் செயலாளர் என்னிடம் கேட்டுக் கொண்டது ஒன்றுதான். "சார், பழைய நினைவுகளைப் பேச நிறையப் பேர் இருக்காங்க. நீங்க இன்ஸ்ட்ருமென்டேஷன்ல காலம் தள்ளினவர். பசங்களுக்குப் பயன்படற மாதிரி ஒரே ஒரு விஷயம் சொல்லுங்க. ஆனா போர்டு நிறைய கணக்குப் போட்டுடாதீங்க" என்றார். கணக்கே இல்லாமல் இந்த விஷயத்தைச் சொல்ல முடியாது. கூட்டல், வகுத்தல், ஒரே ஒரு வர்க்கமூலம், அதற்கு மேல் போக மாட்டேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன்.

நான் பேச எடுத்துக் கொண்டது மிகச் சிறிய கால இடைவெளிகளை எலெக்ட்ரானிக் கவுண்ட்டர் கொண்டு அளப்பது பற்றி. அதிலும் குறிப்பாக ஒரு விந்தை. கருவிக்குள் வேண்டுமென்றே கொஞ்சம் இரைச்சலைக் கலந்தால், அது முன்பைவிட நுணுக்கமாக அளக்கிறது. கேட்டால் விதண்டாவாதம் மாதிரி இருக்கும். இரைச்சலைக் குறைக்கத்தானே நாம் ஷீல்டு போடுகிறோம், எர்த் கொடுக்கிறோம், ஃபில்டர் வைக்கிறோம்? அப்படியிருக்க இரைச்சலைச் சேர்ப்பதா? சேர்க்கலாம். எப்போது, எவ்வளவு, எந்த இடத்தில் என்று தெரிந்து சேர்க்க வேண்டும். அதைத்தான் சொல்லப் போகிறேன்.

கேஜைத் தட்டும் கை

முதலில் நம் எல்லோருக்கும் தெரிந்த ஒரு காட்சி. பாய்லர் பக்கமோ பம்ப் ஹவுஸ் பக்கமோ போனால், அனுபவப்பட்ட ஆபரேட்டர் பிரஷர் கேஜைப் படிக்கும் முன் என்ன செய்வார்? விரல் முட்டியால் கண்ணாடி மேல் இரண்டு தட்டு தட்டுவார். முள் லேசாக நகர்ந்து வேறு இடத்தில் நிற்கும். அதன் பிறகுதான் ரீடிங் எழுதுவார். உள்ளே இருக்கும் சின்னப் பல்சக்கரத்திலும் இணைப்புகளிலும் உராய்வு இருக்கிறது. பிரஷர் கொஞ்சம் மாறினாலும் முள் நகராமல் ஒட்டிக் கொண்டிருக்கும். தட்டினால் ஒட்டு விடுபட்டு, இருக்க வேண்டிய இடத்துக்குப் போகும்.

அந்தத் தட்டுதான் இரைச்சல். அந்த ஆபரேட்டர் புத்தகம் படித்து அதைச் செய்யவில்லை. ஆனால் விஷயம் அவருக்குத் தெரியும். அசையாமல் நிற்கிற முள்ளை அப்படியே நம்பக் கூடாது. டர்பைன் கவர்னரில் இருக்கும் ஹைட்ராலிக் சர்வோ வால்வுகளுக்கும் இதே வைத்தியம் உண்டு. வால்வின் ஸ்பூல் ஒட்டிக் கொள்ளாமல் இருக்க, கட்டுப்பாட்டுக் கரண்ட்டோடு சிறிய ஆட்டக் கரண்ட் ஒன்றையும் சேர்த்து அனுப்புவார்கள். 'டிதர்' என்று அதற்குப் பெயர்.

கேஜில் உராய்வு செய்கிற வேலையை டிஜிட்டல் கவுண்ட்டரில் வேறு ஒன்று செய்கிறது. அது என்ன என்று பார்க்க, நம் ஊருக்கு மிகவும் சொந்தமான ஒரு பொருளை எடுத்துக் கொள்வோம். தண்ணீர்.

ஒரு டிக்குக்கு எத்தனை லிட்டர்?

நெய்வேலி என்றால் வெளியூர்க்காரர்களுக்குப் பழுப்பு நிலக்கரியும் மின்சாரமும். உள்ளே இருந்தவர்களுக்கு முதல் பிரச்சினை தண்ணீர். 1956-ல் நிறுவனம் பிறந்தது, 1961 ஆகஸ்டில்தான் நிலக்கரிப் படிவம் கைக்கு எட்டியது, 1962-ல் முதல் அனல்மின் யூனிட் ஓடியது. இதற்கெல்லாம் அடியில், நிலக்கரிப் படிவத்துக்குக் கீழே, அழுத்தத்தோடு நிற்கும் நிலத்தடி நீர் இருக்கிறது. சதுர சென்டிமீட்டருக்கு 6 முதல் 8 கிலோ வரை மேல்நோக்கி அழுத்தும் நீர். அந்த அழுத்தத்தைக் குறைக்காமல் மேலே தோண்டினால் சுரங்கத்தின் தரையையே பிளந்து கொண்டு வரும். அதனால் ஆழ்துளைக் கிணறுகள் போட்டு, இரவு பகல் பாராமல் பம்ப் செய்ய வேண்டியிருக்கிறது.

கடலூர் மாவட்டத்தில் தண்ணீர் வெறும் பொறியியல் விஷயம் இல்லை. எவ்வளவு எடுக்கிறார்கள், சுற்று வட்டாரக் கிணறுகளில் எவ்வளவு இறங்குகிறது என்பதெல்லாம் விவசாயிக்கும் கவலை, சுரங்கத்துக்கும் கவலை. யார் எந்தப் பக்கம் பேசினாலும் கடைசியில் ஓர் எண்ணைத்தான் மேஜை மேல் வைப்பார்கள். அந்த எண் ஒரு மீட்டரிலிருந்து வருகிறது. அந்த மீட்டருக்குள் என்ன நடக்கிறது என்று தெரிந்தவர் அந்த மேஜையில் ஒருவராவது இருக்க வேண்டும்.

ஒரு கணக்கு சொல்கிறேன். எந்த நிறுவனத்தின் மீட்டரையும் குறித்துச் சொல்லவில்லை, புரிவதற்காக ஒரு குழாய். உள்விட்டம் அரை மீட்டர். அதில் தண்ணீர் செகண்டுக்கு 1 மீட்டர் வேகத்தில் போகிறது. ஒரு நாளைக்கு சுமார் 1 கோடியே 70 லட்சம் லிட்டர்.

இதை அல்ட்ராசானிக் ஃப்ளோ மீட்டரால் அளக்கிறோம். குழாயின் இரு பக்கமும் ஒரு சென்சார், 45 டிகிரி சாய்வில். ஒலியை ஒருமுறை தண்ணீரின் போக்கோடு அனுப்புகிறோம், ஒருமுறை எதிர்த்து அனுப்புகிறோம். ஆற்றில் படகு விடுவது மாதிரிதான். போக்கோடு போனால் சீக்கிரம் சேரும், எதிர்த்துப் போனால் தாமதம். இரண்டுக்கும் உள்ள நேர வித்தியாசம்தான் தண்ணீரின் வேகத்தைச் சொல்கிறது.

தண்ணீரில் ஒலியின் வேகம் செகண்டுக்குச் சுமார் 1,500 மீட்டர். ஒலி கடக்கும் தூரம் 70 சென்டிமீட்டரைத் தாண்டி ஒரு துளி. போய்ச் சேர ஏறக்குறைய 471 மைக்ரோ செகண்ட். சரி, போக்கு நேரத்துக்கும் எதிர் நேரத்துக்கும் வித்தியாசம் எவ்வளவு? வெறும் 444 நானோ செகண்ட். ஒரு செகண்டை நூறு கோடிக் கூறு போட்டால் அதில் ஒரு கூறு ஒரு நானோ செகண்ட்.

நம் கவுண்ட்டரில் இருப்பது 10 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டல் என்று வைத்துக் கொள்ளுங்கள். செகண்டுக்கு 1 கோடி டிக். ஒரு டிக் 100 நானோ செகண்ட். அப்படியானால் நமக்கு வேண்டிய வித்தியாசம் 4.44 டிக். ஆனால் கவுண்ட்டருக்கு முழு எண்தான் தெரியும். நாலு என்னும், அல்லது ஐந்து என்னும். நாலேகால், நாலரை என்பதெல்லாம் அதன் அகராதியிலேயே இல்லை.

மீட்டர் 4 என்று சொன்னால் தண்ணீரின் வேகம் செகண்டுக்கு 90 சென்டிமீட்டர் என்று ஆகிறது. பத்தில் ஒரு பங்கு குறைவு. அந்த எண் அப்படியே நின்றால், நாளொன்றுக்கு 17 லட்சம் லிட்டர் கணக்கில் வராமல் போகும். ஒரு முழு டிக்கின் மதிப்பு நாளைக்கு 38 லட்சம் லிட்டர். நூறு நானோ செகண்ட் என்றால் கண் இமைக்கும் நேரத்தில் லட்சத்தில் ஒரு பங்குகூட இல்லை, இதுக்குப் போயா இவ்வளவு பேச்சு என்று யாராவது நினைத்தால், அந்த 38 லட்சத்தை நினைத்துக் கொள்ளுங்கள்.

காவலாளியின் மணி

இப்போது கேள்வி. முழு எண் மட்டுமே தெரிந்த கருவியிடமிருந்து 4.44 என்ற பின்னத்தை வாங்க முடியுமா?

முடியும். எப்படி என்பதற்கு ஓர் உதாரணம். ஒரு காவலாளி மணிக்கு ஒரு தடவை, ஒரே ஓர் அடி மணி அடிக்கிறார். உங்களிடம் கடிகாரம் இல்லை. ஒரு வேலை சரியாக 2 மணி 20 நிமிடம் பிடிக்கிறது. அந்த நேரத்துக்குள் எத்தனை மணியோசை கேட்டது என்று மட்டும் எண்ணலாம்.

தினமும் மணி அடித்த மறு நிமிடமே வேலையை ஆரம்பித்தால் என்ன கேட்கும்? இரண்டு ஓசை. நாளைக்கும் இரண்டு. ஒரு வருஷம் எண்ணினாலும் இரண்டுதான். சராசரி போட்டால் 2.000. நோட்டுப் புத்தகத்தில் பார்க்க எவ்வளவு சுத்தமாக இருக்கும்! ஆனால் தவறு.

இப்போது வேலையை இஷ்டப்பட்ட நேரத்தில் ஆரம்பியுங்கள். ஒருநாள் மணி அடித்து 10 நிமிடம் கழித்து, ஒருநாள் 45 நிமிடம் கழித்து, எந்த ஒழுங்கும் இல்லாமல். மணி அடித்து 40 நிமிடத்துக்குள் ஆரம்பித்தால் இரண்டு ஓசை கேட்கும். 40 நிமிடத்துக்குப் பிறகு ஆரம்பித்தால் மூன்று. அறுபதில் கடைசி 20 நிமிடம் என்றால் மூன்றில் ஒரு வாய்ப்பு. ஆக, மூன்று நாளில் இரண்டு நாள் '2', ஒருநாள் '3'. சராசரி 2.33. அதாவது 2 மணி 20 நிமிடம். மணிக்கு ஒரு தடவை மட்டும் ஒலிக்கும் கடிகாரத்தை வைத்துக் கொண்டு நிமிடக் கணக்கை வாங்கிவிட்டோம்.

காவலாளி மாறவில்லை, மணி மாறவில்லை. நாம் செய்ததெல்லாம் ஆரம்பிக்கும் நேரத்தின் ஒழுங்கைக் குலைத்ததுதான். பின்னப் பகுதி எங்கேயும் தொலைந்து போகவில்லை. எத்தனை தடவை '3' வருகிறது என்ற விகிதத்துக்குள் அது ஒளிந்து கொண்டிருந்தது.

ஒரே கிரிஸ்டல் செய்யும் வேலை

நம் ஃப்ளோ மீட்டருக்குத் திரும்புவோம். ஒருமுறை அளந்தால் போதாது, ஆயிரம் முறை அளந்து சராசரி எடுப்போம் என்று எல்லாப் புத்தகமும் சொல்லும். சராசரி எடுத்தால், எண்ணிக்கையின் வர்க்கமூலத்தின் விகிதத்தில் நுணுக்கம் கூடும். 100 தடவை அளந்தால் 10 மடங்கு, 10,000 தடவை அளந்தால் 100 மடங்கு. (இதுதான் நான் வாக்குக் கொடுத்த ஒரே வர்க்கமூலம்.)

ஆனால் அந்தப் பாடத்தின் அடியில் ஒரு நிபந்தனை பொடி எழுத்தில் இருக்கிறது. ஒவ்வொரு அளவும் கிரிஸ்டலின் டிக்குக்குச் சம்பந்தமில்லாத நேரத்தில் ஆரம்பிக்க வேண்டும். நடைமுறையில் சர்க்யூட் போடுகிறவர் என்ன செய்வார்? போர்டில் ஒரு கிரிஸ்டல் இருக்கிறது. அதையே வகுத்து, ஒலிப் பல்ஸை அனுப்பும் ட்ரிக்கரையும் எடுத்துக் கொள்வார். செலவு மிச்சம், இடம் மிச்சம். ஆனால் அதன் விளைவு, பல்ஸ் ஒவ்வொரு முறையும் டிக்கோடு ஒட்டியே புறப்படுகிறது. மணி அடித்த மறு நிமிடம் வேலையை ஆரம்பிக்கிற கதைதான். 10,000 தடவை அளந்தாலும் 10,000 தடவையும் அதே 4.

தண்ணீரின் சுழிப்பு கொஞ்சம் இயற்கையான ஆட்டத்தைத் தராதா என்று கேட்கலாம். தரும். தண்ணீரின் வெப்பம் மாறினாலும் ஒலியின் வேகம் மாறி, எண் ஒரு டிக்கிலிருந்து இன்னொன்றுக்குத் தாவும். ஆனால் ஆழத்திலிருந்து வரும் தண்ணீரின் வெப்பம் அதிகம் மாறாது. சுழிப்பு எவ்வளவு இருக்கும் என்பதும் நம் கையில் இல்லை. கிடைத்தால் லாபம் என்று நினைத்துக் கருவியை வடிவமைக்கக் கூடாது.

கவுண்ட்டர் செய்தவர்கள் இதை எப்போதோ கண்டுபிடித்துவிட்டார்கள். 1974 ஜூன் மாத ஹியூலெட்-பக்கார்ட் ஜர்னலில் டேவிட் சூ என்பவர் நேர இடைவெளிச் சராசரி பற்றி எழுதிய கட்டுரை இந்தத் துறையில் பெயர் பெற்றது. அளக்கப்படும் சிக்னலும் கவுண்ட்டரின் கிளாக்கும் ஒன்றோடொன்று பூட்டிக் கொண்டால் சராசரி பயன் தராது என்பது அதில் பேசப்படும் சிக்கல்களில் ஒன்று. அந்தக் காலத்து உயர்தரக் கவுண்ட்டர்கள் சிலவற்றில் கிளாக்கையே இரைச்சலால் லேசாக ஆட்டிவிடும் ஏற்பாடு வைத்தார்கள். படத்தை எண்ணாக மாற்றும் துறையிலும் இதே யோசனை வந்தது. நம் ஊரில் முதல் யூனிட் ஓடிய அதே 1962-ல், அமெரிக்காவில் லாரன்ஸ் ராபர்ட்ஸ் என்பவர், படத்தோடு இரைச்சலைக் கலந்து அனுப்பினால் குறைந்த பிட்களிலேயே கண்ணுக்கு நல்ல படம் கிடைக்கிறது என்று எழுதினார். பின்னாளில் இன்டர்நெட்டுக்கு முன்னோடியான அர்ப்பாநெட்டை அமைத்ததில் முக்கியப் பங்கு வகித்தவரும் அவரே.

கலப்பது எப்படி?

மாணவர்கள் பிராஜெக்ட்டாகவே இதைச் செய்து பார்க்கலாம். பெரிய செலவு இல்லை.

இரைச்சலுக்கு ஒரு சாதாரண டிரான்சிஸ்டர் போதும். பிசி 547 மாதிரி ஒன்றை எடுத்து, அதன் பேஸ்-எமிட்டர் சந்தியை ஒரு பெரிய ரெசிஸ்டர் வழியாக 12 வோல்ட்டில் தலைகீழாக பயாஸ் செய்யுங்கள். சந்தி உடையும் நிலையில் 'ஸ்' என்று மழை பெய்கிற மாதிரி இரைச்சல் தரும். அதைப் பெருக்கிக் கொள்ளுங்கள். பிறகு, ட்ரிக்கர் வந்ததும் ஏறத் தொடங்கும் ஒரு ராம்ப் மின்னழுத்தம், அதைக் கவனிக்கும் ஒரு வேகமான கம்பாரேட்டர். கம்பாரேட்டரின் எல்லை மின்னழுத்தத்தோடு இந்த இரைச்சலைச் சேர்த்துவிட்டால், பல்ஸ் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் முன்னே பின்னே புறப்படும்.

இதில் மூன்று இடத்தில் பசங்கள் வழுக்கி விழுவதைப் பார்த்திருக்கிறேன்.

ஒன்று, மைக்ரோகண்ட்ரோலரில் ரேண்டம் நம்பர் போட்டு, புரோகிராமிலேயே தாமதத்தை மாற்றிவிடலாமே என்பார்கள். எதற்கு சார் டிரான்சிஸ்டர், நாலு வரி கோடு போதுமே! போதாது. புரோகிராம் தரும் தாமதம் முழு டிக்குகளாகத்தான் இருக்கும். 7 டிக் தள்ளினாலும் 23 டிக் தள்ளினாலும் பல்ஸ் டிக்கோடு ஒட்டியே புறப்படும். மணி அடித்த மறு நிமிடத்தில் ஆரம்பிக்கும் வேலையை 7 மணி நேரம் தள்ளிப் போட்டால், அப்போதும் மணி அடித்த மறு நிமிடம்தானே? நமக்கு வேண்டியது டிக்குக்குள்ளே நடக்கும் ஆட்டம்.

இரண்டு, கவுண்ட்டர் எண்ண ஆரம்பிப்பது ஆட்டத்துக்குப் பிறகு புறப்படும் உண்மையான பல்ஸிலிருந்து இருக்க வேண்டும். ஆட்டத்துக்கு முன்னால் இருக்கும் ட்ரிக்கரிலிருந்து எண்ணினால், நாம் சேர்த்த தாமதத்தையும் சேர்த்தே அளக்கிறோம் என்று ஆகிவிடும். ஆட வேண்டியது ஆரம்பம், இடைவெளி அல்ல.

மூன்று, அளவு. சாம்பாருக்கு உப்பு மாதிரி என்று சொல்லத் தோன்றும், ஆனால் உப்பைவிட இது தாராளமானது. இரைச்சலின் பரவல், அதாவது புள்ளியியலில் சொல்லும் திட்ட விலக்கம், அரை டிக் இருந்தாலே, நீண்ட சராசரியில் மிச்சமாகும் பிழை அதிகம் போனால் ஒரு டிக்கில் ஏறக்குறைய 200-ல் ஒரு பங்கு. அதற்கு மேல் கூட்டினால் இன்னும் நல்லதுதான், கெடுதல் இல்லை. குறைத்தால்தான் ஆபத்து. பரவல் பத்தில் ஒரு டிக் மட்டும் என்றால், பாதி டிக்குக்கும் மேல் பிழை அப்படியே நிற்கலாம். இரைச்சலுக்குப் பதில் சரியாக ஒரு டிக் அகலத்துக்கு ஒழுங்காக ஏறி இறங்கும் அலையையும் பயன்படுத்தலாம், கணக்குப்படி அதுவும் சரி. ஆனால் அந்த அகலம் துல்லியமாக ஒரு டிக்காக இருக்க வேண்டும். இரைச்சலுக்கு அந்தக் கண்டிப்பு இல்லை. அதனால்தான் அது நடைமுறைக்கு உகந்தது.

சேர்த்த பிறகு திரையில் என்ன தெரியும்? முன்பு அசையாமல் நின்ற 4, இப்போது 4, 5, 4, 4, 5 என்று ஆடும். போக்கு எண்ணும் எதிர் எண்ணும் தனித்தனியே ஆடுவதால் எப்போதாவது 3 அல்லது 6 கூட வரும். பார்க்கிறவர்கள், "என்ன சார், நல்லா இருந்த மீட்டரைக் கெடுத்துட்டீங்களே" என்பார்கள். பொறுத்திருந்து சராசரியைப் பாருங்கள். 250 ஜோடி அளவுகளுக்குப் பிறகு சுமார் நூற்றில் ஒரு பங்கு பிழைக்குள், 4.44-ஐ நெருங்கி நிற்கும். செகண்டுக்கு 100 ஜோடி அளந்தால் இரண்டரை செகண்ட் வேலை. அதையே பத்து மடங்கு நுணுக்கமாக வேண்டும் என்றால் நூறு மடங்கு காத்திருக்க வேண்டும், நாலு நிமிடத்துக்கு மேல். இரைச்சல் இலவசமாக எதையும் கொடுப்பதில்லை, காலத்தை விலையாக வாங்கிக் கொண்டுதான் கொடுக்கிறது.

எங்கே உதவாது?

ஒரு மருந்தைப் பற்றிச் சொன்னால் எந்த நோய்க்கு அது கேட்காது என்பதையும் சொல்ல வேண்டும்.

ஒரே ஒரு தடவை நடந்து முடியும் நிகழ்ச்சிக்கு இது உதவாது. ஒரு பிரேக்கர் ட்ரிப் ஆகிறது, எந்த ரிலே முதலில் இயங்கியது என்று கேட்டால், அதைத் திரும்ப ஆயிரம் தடவை ட்ரிப் செய்து சராசரி எடுக்க முடியாது. அந்த மாதிரி இடத்துக்கு வேகமான கிளாக் வேண்டும், அல்லது வெர்னியர் முறை வேண்டும். காலிப்பரில் இருக்கும் வெர்னியர் மாதிரியே, 10 மெகாஹெர்ட்ஸில் ஒன்று, 9.9 மெகாஹெர்ட்ஸில் ஒன்று என இரண்டு கிளாக் ஓட்டி, இரண்டும் எப்போது ஒன்று சேர்கின்றன என்று பார்த்தால், ஒரே அளவில் சுமார் ஒரு நானோ செகண்ட் வரை போகலாம். இன்றைக்கு இதற்கென்றே சின்னச் சின்ன ஐ.சி.கள் வந்துவிட்டன. ஒரு நானோ செகண்டில் சில பத்தாயிரத்தில் பங்கு அல்ல, ஆனால் சில நூற்றில் பங்கு வரை ஒரே அளவில் அளக்கின்றன. புதிய ஃப்ளோ மீட்டர்கள் பலவற்றில் அவைதான் இருக்கின்றன. டிக் சிறியதாகிவிட்டது. ஆனால் முழு எண்ணில்தான் எண்ணுகிறோம் என்ற குணம் மாறவில்லை. அதனால் நான் சொன்ன கதையும் மாறவில்லை, அளவுதான் சுருங்கியிருக்கிறது.

இன்னொன்று. தொடர்ந்து ஒரே பக்கம் சாய்ந்திருக்கும் பிழையை இரைச்சல் திருத்தாது. போக்கு அளவிலும் எதிர் அளவிலும் சிக்னல் கடக்கும் மொத்தக் கேபிள் பாதை ஒரு மீட்டர் நீளம் வித்தியாசப்பட்டால் ஏறக்குறைய 5 நானோ செகண்ட் வித்தியாசம் வந்துவிடும். மேலே சொன்ன குழாயில் அது நூற்றில் ஒரு பங்குக்கும் மேல். குழாயின் உள்ளே படிவு ஏறி விட்டம் குறைந்தாலும் அப்படித்தான். பத்து லட்சம் தடவை சராசரி எடுத்தாலும் அந்தப் பிழை அசையாது. பம்பை நிறுத்தி, வால்வை மூடி, ஓட்டம் இல்லாதபோது மீட்டர் பூஜ்யம் காட்டுகிறதா என்று பார்க்கிற பழைய பழக்கத்துக்கு மாற்று எதுவும் இல்லை.

மாணவர்களுக்கு ஒரு வார்த்தை

கடைசியாக, இப்போது படிக்கிற தம்பி தங்கைகளுக்கு.

நீங்கள் வேலைக்குப் போகும் இடத்தில் டிஜிட்டல் டிஸ்ப்ளே இல்லாத பேனல் இருக்காது. நாலு இலக்கம், ஆறு இலக்கம், பளிச்சென்று பச்சை எழுத்து. அது அசையாமல் நின்றால் மனசுக்கு ஒரு நிம்மதி. மேலதிகாரிக்கும் நிம்மதி. ஆடினால் எல்லோருக்கும் எரிச்சல். "ஏம்பா, இந்த மீட்டர் ஏன் நிலையா நிக்க மாட்டேங்குது, சரி பண்ணு" என்பார்கள். சரி பண்ணுவது என்றால் ஆட்டத்தை நிறுத்துவது என்று அர்த்தம் பண்ணிக் கொள்ளாதீர்கள். ஒரே எண்ணைத் திரும்பத் திரும்பச் சொல்வது வேறு, உண்மையைச் சொல்வது வேறு. மணி அடித்த மறு நிமிடம் வேலையை ஆரம்பித்தவர் ஒரு வருஷம் முழுக்க '2' என்றுதான் எழுதினார். அவர் நோட்டில் ஒரு அடித்தல் திருத்தல்கூட இல்லை.

எனவே ஓர் எண் அசையாமல் நிற்பதைப் பார்த்தால் முதலில் மூன்று கேள்வி கேளுங்கள். இந்தக் கருவியின் ஒரு டிக் எவ்வளவு? அந்த ஒரு டிக்குக்கு வெளியே என்ன மதிப்பு, எத்தனை லிட்டர், எத்தனை டன், எத்தனை ரூபாய்? அளவை ஆரம்பித்து வைப்பதும் அளப்பதும் ஒரே கிரிஸ்டலா? இந்த மூன்றுக்கும் பதில் தெரிந்துவிட்டால், அந்த எண்ணை நம்பலாமா வேண்டாமா என்பது உங்களுக்கே தெரிந்துவிடும்.

இதையெல்லாம் சோதித்துப் பார்க்க ஆழ்துளைக் கிணறோ பெரிய குழாயோ தேவையில்லை. நம் லேபில் ஒரு பழைய கவுண்ட்டரும், ஒரு பல்ஸ் ஜெனரேட்டரும், ஒரு சில மீட்டர் கோ-ஆக்ஸியல் கேபிளும் இருந்தால் போதும். 20 மீட்டர் கேபிள் வழியாக ஒரு பல்ஸ் போக ஏறக்குறைய 100 நானோ செகண்ட் ஆகும். 10 மெகாஹெர்ட்ஸ் கிளாக்கில் அது ஒரே ஒரு டிக். முதலில் ஜெனரேட்டரை அதே கிளாக்கில் பூட்டி அளந்து பாருங்கள். பிறகு பூட்டை அவிழ்த்து, இரைச்சலைச் சேர்த்து அளந்து பாருங்கள். கேபிளில் ஒரு மீட்டரை வெட்டிவிட்டு மறுபடி அளங்கள். முதல் முறையில் ஒரு மீட்டர் குறைந்தது பெரும்பாலும் தெரியவே தெரியாது. இரண்டாவது முறையில் கண்டிப்பாகத் தெரியும். அந்தச் சோதனையைச் செய்து முடிக்கிற மாணவ மாணவியர், அடுத்த ஆண்டு மலரில் தங்கள் ரீடிங்குகளை வெளியிட வேண்டும் என்று சங்கத்தை இந்த மேடையிலேயே கேட்டுக் கொள்கிறேன். கேபிள் செலவு என்னுடையது.